இராகத்தலைவன் இல்லாத கிறிஸ்துமஸ்

நேற்று ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். தகரச் சாய்ப்பில் நாலு சொட்டு விழுந்த சத்தத்துக்கே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் வாசல்படியைப் பார்த்தேன். முற்றம் நனைந்திருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் திரும்பப் படுக்க மனசு வரவில்லை. பென்ஷன் புத்தகம், சுகர் மாத்திரை, ஆதார் கார்டு மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கதவு ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். 2023 டிசம்பரிலிருந்து அந்தப் பை அங்கேதான் தொங்குகிறது. மழை நிற்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான், இதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. வயசு அறுபத்திரண்டு ஆகிறது, மறந்துபோகும்.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரலுக்குப் பக்கம், தாமிரபரணிக் கரை. 2023 டிசம்பர் 17, 18 என்று சொன்னாலே எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் போதும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அது அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான ஜனங்கள் இரண்டு நாள் தண்ணீருக்கு நடுவில் கிடந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள்தான் அவர்களுக்குப் பொங்கிப் போட்டார்கள். ஏரல் கடைவீதி முழுகிப்போனது. குளங்கள் ஒவ்வொன்றாக உடைந்தன.

அந்த 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகிற அட்வெந்து காலத்தின் மூன்றாம் ஞாயிறு. காலையில் குடை பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போய்வந்தேன். (எங்கள் பக்கம் சி.எஸ்.ஐ. சபைக்காரர்கள் சர்ச் என்று சொல்வது குறைவு. கோயில்தான். போதகர் ஐயர், மணி அடிக்கிறவர் கோயில்பிள்ளை.) அன்று ராத்திரி வாலிபர்கள் எங்கள் தெருவுக்குக் கேரல் பாட வருவதாக இருந்தது. வீட்டு முகப்பில் புது நட்சத்திரம் கட்டியிருந்தேன். பிள்ளைகளுக்குக் கொடுக்க முறுக்கு சுட்டு டின்னில் போட்டு வைத்திருந்தேன். மழை விடவில்லை. ஏழு மணிக்குக் கரண்ட் போனது. கேரல் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

விடியற்காலம் எதிர்வீட்டு அக்கா என் கதவைத் தட்டின தட்டு இன்னும் காதில் இருக்கிறது. "டீச்சர், எந்திங்க, தண்ணி வந்துட்டு" என்றார். காலை கீழே வைத்தேன், கணுக்கால் அளவு. பென்ஷன் புத்தகம் இருந்த பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் முழங்கால். அவர்கள் வீடுதான் எங்கள் தெருவில் மச்சுவீடு. அந்த மொட்டைமாடியில் பத்தொன்பது பேர் ஏறினோம். என் வீட்டிலிருந்து நான் எடுத்தது அந்தப் பையும், என் வீட்டுக்காரருடைய மூக்குக்கண்ணாடியும். அவர் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மேஜைமேல் எத்தனையோ இருக்க, அந்தக் கண்ணாடி ஏன் கைக்கு வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

எடுக்காமல் விட்டதைச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் கோயிலில் முப்பத்தொரு வருஷம் ஹார்மோனியம் வாசித்தார். அவர் சாகும்வரை எங்கள் சபைக்கு வேறு ஆள் தேவைப்படவில்லை, அதனால் வேறு யாரும் கற்றுக்கொள்ளவும் இல்லை. அவருடைய ஹார்மோனியப் பெட்டி முன்ரூமில் ஸ்டூல்மேல் இருந்தது. பக்கத்தில் அவர் கைப்பட எழுதின பாட்டு நோட்டு, ஒவ்வொரு கீர்த்தனைக்கும் எத்தனை கட்டை சுருதி என்று சிவப்பு மையில் குறித்தது. பெரியவர்கள் அதிகம் வருகிற காலை ஆராதனைக்கு ஒரு கட்டை, பிள்ளைகள் பாடும்போது ஒரு கட்டை என்று அவருக்கு ஒரு கணக்கு. மாடியிலிருந்து பார்த்தால் என் வீட்டு ஜன்னலின் மேல் கம்பி மட்டும் தெரிந்தது. அந்தப் பெட்டி உள்ளே எந்த மூலையில் மிதக்கிறதோ என்று நினைத்துக்கொண்டு நின்றேன். மனுஷர் உயிருக்குப் போராடும்போது இவள் பெட்டியை நினைக்கிறாளே என்று யாராவது நினைத்தாலும் பரவாயில்லை. உண்மை அதுதான்.

எதிர்வீட்டு அக்கா குடும்பம் சுடலைமாடனைக் கும்பிடுகிறவர்கள். மாடியில் செங்கல்லைக் கூட்டி, மேலே தார்ப்பாய் பிடித்து, ஈர விறகில் மண்ணெண்ணெய் ஊற்றி, எங்கள் பத்தொன்பது பேருக்கும் கஞ்சி வைத்தது அந்தக் கைதான். அன்று ராத்திரி இருட்டில், தண்ணீர் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லாத நேரத்தில், அவர் என்னிடம், "டீச்சர், உங்க பாட்டு ஒன்னு படிங்களேன். பிள்ள பயப்படுது" என்று கேட்டார். முப்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளி நடத்தினவள் நான். சிறைச்சாலையில் பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடினதை எத்தனை வருஷம் படம் வரைந்து சொல்லிக்கொடுத்திருப்பேன். வாயைத் திறந்தேன். ஒரு வரி வரவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. "நாளைக்குப் படிக்கேன்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையை மடியில் போட்டுத் தானே ஏதோ தாலாட்டினார்.

அந்த ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது வேதத்திலுள்ள ஒரே ஒரு சங்கீதம், 42. துதி என்றே அதைச் சொல்ல முடியாது, பாதி புலம்பல். "உமது மதகுகளின் இரைச்சலால் ஆழத்தை ஆழம் கூப்பிடுகிறது" என்று எங்கள் தமிழ் வேதத்தில் இருக்கிறது. மதகு! எத்தனை தடவை வாசித்திருப்பேன், அந்த வார்த்தை என் காதில் விழுந்ததே இல்லை. குளத்துப் பாசனத்தில் வளர்ந்தவளுக்கு மதகின் இரைச்சல் என்றால் என்னவென்று தெரியும். குளம் நிரம்பி மறுகால் பாய்கிற வருஷம் என்றால் ஊருக்கே சந்தோஷம், சின்னப் பிள்ளையில் பார்க்க ஓடுவோம். இப்போது அதே இரைச்சல் நாலு பக்கமும் இருட்டில். இன்ன குளம் உடைந்துவிட்டது என்று ஆண்கள் சத்தத்தை வைத்தே சொன்னார்கள். இந்த வேதத்தைத் தமிழாக்கினவர்கள் குளக்கரையில் நின்று கேட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்த வரி, "உமது அலைகளும் திரைகளும் எல்லாம் என்மேல் புரண்டுபோகிறது". யாரோ ஒருவர் என்னைப்போலவே நின்றிருக்கிறார், நின்று அதை ஆண்டவரிடமே சொல்லியிருக்கிறார், அதைச் சபை பாட்டாக வைத்துக்கொண்டிருக்கிறது. எனக்குப் பாட வரவில்லைதான். ஆனால் அந்த வரியை மட்டும் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன், விடிகிறவரை.

20ஆம் தேதி தண்ணீர் வடிந்தது. வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு. சேறு என்றால் வயல் சேறு இல்லை. களிமண்ணும் டீசலும் செத்த கோழியும் கலந்த ஒரு நாற்றம், துணியில் ஒரு மாசம் இருந்தது. அரிசிப் பானையைக் கவிழ்த்தால் அரிசி உப்பி, புளித்து, ஒரே கட்டியாக வந்தது. பீரோ கதவு திறக்கவில்லை. கல்யாண ஆல்பத்தில் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் முகம் உரிந்து வந்தது. பெட்டி குப்புறக் கிடந்தது. துருத்தியின் பசை விட்டு, மரம் ஊதி, கட்டைகள் பல்வரிசை மாதிரி வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. அந்தச் சிவப்பு மைக் கணக்கெல்லாம் கரைந்து, நோட்டு முழுக்க இளஞ்சிவப்பாக இருந்தது. எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டு, படியிலேயே உட்கார்ந்தேன்.

அப்போது தெருவில் சேற்றை மிதித்துக்கொண்டு எங்கள் கோயில்பிள்ளை வந்தார். வேஷ்டியை மடித்துக் கட்டி, கையில் ஒரு மண்வெட்டி. அவர் வீடு மண்சுவர் வீடு, ஒரு பக்கம் முழுக்க விழுந்துபோனது என்று முந்தின நாளே கேள்விப்பட்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் நின்று, "தோத்திரம் டீச்சர்" என்றார்.

எங்களுக்குள் இது வணக்கம் மாதிரி. எதிரில் வந்தால் தோத்திரம், போனில் தோத்திரம், சாவு வீட்டிலும் தோத்திரம். ஸ்தோத்திரம் என்று எழுதுவோம், வாயில் தோத்திரம்தான். நாளைக்கு இருபது தடவை சொல்கிற வார்த்தைக்கு அர்த்தம் இருக்கிறதா என்று நான் யோசித்ததே கிடையாது. வீடு விழுந்த மனுஷர், கையில் மண்வெட்டியோடு, என் வீட்டுச் சேற்றை அள்ள வந்து நின்று அதைச் சொன்னபோது, பதில் சொல்ல வேண்டியிருந்தது. பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது: "தோத்திரம்யா." மூன்று நாளில் என் வாயிலிருந்து வந்த முதல் துதி அது. மனசு சொல்லவில்லை, வாய்தான் சொன்னது. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது, அடக்க முடியாமல். அவர் அந்தப் பக்கம் திரும்பிச் சேற்றை அள்ள ஆரம்பித்துவிட்டார்.

நல்ல மனசோடு வருகிறவர்களும் சில சமயம் காயப்படுத்திவிடுவார்கள். வெளியூரிலிருந்து ஒரு சொந்தக்காரர் போனில், "எல்லாம் நன்மைக்குத்தான், கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்னு சொல்லித் துதிச்சிடு" என்றார். அந்த வசனம் யோபு சொன்னது. யோபு தன் வஸ்திரத்தைக் கிழித்து, தலையைச் சிரைத்து, தரையில் விழுந்த பிறகு தானே சொன்னது. அடுத்தவர் வாயில் எடுத்துக் கொடுக்கக் கூடாத வசனம் அது என்பது என் எண்ணம். இன்னொன்றும் கேட்டேன்: "எங்க வீட்டுக்குள்ள மட்டும் தண்ணி வரல, ஆண்டவர் எங்க ஜெபத்தைக் கேட்டார்." அந்தச் சாட்சியைக் கேட்டுக்கொண்டிருந்த பெண்ணின் வீடு முழுகிப்போயிருந்தது. அவள் ஜெபிக்காதவளா? மேடான இடத்தில் வீடு இருந்ததற்கு நன்றி சொல்லலாம், தாராளமாகச் சொல்ல வேண்டும். பள்ளத்தில் இருந்தவளை ஆண்டவர் கைவிட்டார் என்று அர்த்தம் வருகிற மாதிரிச் சொல்லக் கூடாது. இதை நான் அன்றே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தார்கள். நிவாரண அரிசி அங்கேதான் பங்கு வைத்தார்கள். பின்னால் அரசாங்கம் குடும்பத்துக்கு 6000 ரூபாய் கொடுத்தது. மேலப்பாளையத்திலிருந்து முஸ்லிம் பையன்கள் ட்ராக்டரில் பொட்டலமும் பாலும் கொண்டுவந்து, தொழுகை நேரத்துக்கு எங்கள் கோயில் திண்ணையைத்தான் கழுவிவிட்டுத் தொழுதார்கள். அந்த முகாமில் ஒரு பாட்டி, எங்கள் சபைதான், எண்பது தாண்டியவர். நிவாரண அரிசியை வாங்கிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தார். முந்தியை விரித்து அரிசியைக் கொட்டினார். அதில் ஒரு பிடி எடுத்து, ஒரு பழைய பவுடர் டப்பாவுக்குள் போட்டு மூடினார். டப்பா எப்படிப் பிழைத்தது என்று தெரியவில்லை, மூடியில் சேறு காய்ந்திருந்தது.

கைப்பிடி அரிசி தெரியாதவர்களுக்காக: எங்கள் சபைகளில் பெண்கள் ஒவ்வொரு தடவை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்போம். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் காணிக்கையாகக் கொட்டுவோம். ஏழைச் சபைகள் பலவற்றை அந்த அரிசிதான் நிற்க வைத்தது.

"பாட்டி, இது நிவாரண அரிசி. இதுலயுமா?" என்று கேட்டேன்.

"அரிசிதான?" என்றார். அவருக்கு என் கேள்வி விளங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கோயில்ல உலை வைப்பாவல்லா, நாலு பேருக்கு ஆவும்" என்றார்.

அந்தக் கையை நான் உற்றுப் பார்த்தேன். நகக்கண்ணில் எல்லாம் சேறு. பிடி நிறைய எடுத்தார், விரலிடுக்கில் இரண்டு மணி சிந்தியது, அதையும் பொறுக்கி டப்பாவுக்குள் போட்டார்.

கிறிஸ்துமஸ் திங்கட்கிழமை வந்தது. விடியற்காலை ஆராதனைக்கு நான் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். கட்டப் புடவை இல்லை, முகாமில் கொடுத்த நைட்டிதான். எதிர்வீட்டு அக்கா தன் சேலை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, "வாங்க, நானும் வாரேன். வருஷா வருஷம் உங்க கேக் தின்னேன், இந்த வருஷம் கோயிலையாது பாக்கேன்" என்றார். கரண்ட் இல்லை. கோயிலுக்குள் சேற்றை அள்ளிவிட்டிருந்தார்கள், ஆனால் சுவரில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர்க் கோடு. பெஞ்சுகள் வெளியே காய்ந்துகொண்டிருந்தன. ஈரத் தரையில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்தோம். நாலைந்து மெழுகுவர்த்தி, ஒரு எமர்ஜென்சி லைட்.

ஐயர் லூக்காவில் பிறப்பின் கதையை வாசித்தார். பிறகு பிரசங்கம் செய்யாமல் ஆபகூக் தீர்க்கதரிசியின் மூன்றாம் அதிகாரத்தை எடுத்தார். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், திராட்சச்செடிகளில் பழம் உண்டாகாமற்போனாலும், கிடையில் ஆட்டுமந்தைகள் முதலற்றுப்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும் என்று ஒரு பட்டியல் வருமே, அது. வாசித்துவிட்டு, "அவர் ஊர்ல போனதை அவர் சொல்லியிருக்காரு. நம்ம ஊர்ல போனதை நீங்க சொல்லுங்க. பிரசங்கம் அதுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஐயருடைய புத்தகங்கள் எல்லாமே போயிருந்தன.

ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "வெட்டுக்கு மூணு வாரம் கெடந்த ஏத்தன் வாழை." இன்னொருவர்: "ரெண்டு எருமை, ஒரு கன்னு." தையல்காரப் பெண், "மிஷின்." ஒரு பிள்ளை எழுந்து, "பிளஸ் டூ நோட்டு எல்லாம்" என்றது. "நகையை வச்சு வாங்குன உரம்." "எங்க அப்பா போட்டோ, ஒரே போட்டோ." ஒரு பெரியவர் எழுந்து நின்றார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை, உட்கார்ந்துவிட்டார். ஐயர் அவரையும் காத்திருந்து கேட்டார். என் முறை என்று யாரும் சொல்லவில்லை. நான் உட்கார்ந்தபடியே, "ஆர்மோனியப் பெட்டி" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அது அவர்களுடைய பெட்டியும்தானே.

பிறகு எல்லோரும் சேர்ந்து அந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னோம்: "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்." தமிழ் சொல்லிக்கொடுத்தவள், காலம் பார்க்காமல் இருக்க முடியாது. மகிழ்ச்சியாயிருக்கிறேன் என்று அதில் இல்லை. இருப்பேன். 42ஆம் சங்கீதமும் அப்படியே, "நான் இன்னும் அவரைத் துதிப்பேன்". எதிர்காலம். அதனால் என்னாலும் பொய் இல்லாமல் சொல்ல முடிந்தது. அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் இல்லை. ஆனால் இருப்பேன் என்று சொல்ல இடம் இருந்தது, பக்கத்தில் அதையே சொல்கிற எண்பது, நூறு பேர் இருந்தார்கள்.

ஆபகூக்கின் அந்தப் பாட்டை முடிக்கும்போது, வாத்தியத்தில் வாசிக்க இராகத்தலைவனிடம், அதாவது பாட்டை நடத்துகிறவரிடம், ஒப்புவித்தது என்று ஒரு குறிப்பு இருக்கிறது. எங்கள் இராகத்தலைவன் கல்லறைத் தோட்டத்தில் கிடந்தார், அந்த மேடும் தண்ணீரில் கரைந்து தட்டையாகியிருந்தது. பாட்டுக்கு எழுந்து நின்றோம். பழக்கத்தில் எல்லோரும் காத்திருந்தோம், பெட்டியில் சுருதி வரும் என்று. அந்த ஒரு நிமிஷம் ரொம்பக் கனமாக இருந்தது. அப்போது அந்தக் கைப்பிடி அரிசிப் பாட்டிதான் ஆரம்பித்தார். ரொம்பக் கீழே, முனகல் மாதிரி. பெண்களுக்கு எட்டாத சுருதி. ஆண்கள் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது அடியில் யாரோ மேலே தூக்கினார்கள், பாட்டு உடைந்து, தாளம் தப்பி, மறுபடி ஒன்று சேர்ந்தது. என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் கையைக் காட்டி நிறுத்தி முதலிலிருந்து வாசித்திருப்பார். நானும் பாடினேன். மூன்றாவது சரணத்தில் பார்த்தால் எதிர்வீட்டு அக்கா, வார்த்தை தெரியாமல், கைதட்டிக்கொண்டு நிற்கிறார்.

காணிக்கை வேளையில் பாட்டி அந்தப் பவுடர் டப்பாவைத் திறந்து கொட்டினார். மதியம் கோயில் வளவில் உலை வைத்தபோது அந்த அரிசியும் சேர்ந்துதான் வெந்தது. ஊர் முழுக்க, எல்லா மதமும், ஒரே பந்தியில் உட்கார்ந்து தின்றோம். சோறும் சாம்பாரும்தான்.

பெட்டியை ரிப்பேர் பார்க்கலாமா என்று கேட்டேன். மரம் தேறாது என்றார்கள். உள்ளே இருந்த பித்தளை ரீடுகளை மட்டும் கழற்றி, விளக்கி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். போன வருஷம் தையல்காரப் பெண்ணின் மகன் ஒரு கீபோர்டு வாங்கியிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை தட்டித்தடவி வாசிக்கிறான். பெரியவர்கள் காலையில் எந்தச் சுருதியில் பாடுவார்கள் என்று என்னிடம் கேட்டான். ஞாபகத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், வாரத்துக்கு இரண்டு பாட்டு. சிவப்பு மையில்தான் எழுதுகிறான், நான் சொல்லாமலே.

இதை எழுதி முடிக்கும்போது மணி நாலே முக்கால். கோயில்பிள்ளை முதல் மணி அடித்துவிட்டார். இன்றைக்குச் சபையார் பாடிவரும் பஜனை எங்கள் தெரு வழியாக வருகிறது. பால் பொங்க வைக்க வேண்டும், எதிர்வீட்டு அக்கா இரண்டு லிட்டர் அதிகமாக வாங்கி வைத்திருக்கிறார்.